தேரை விட்டு வலையைப் பிடியுங்கள்: நழுவும் மின்னூட்ட அடர்த்தி அலைகளுக்குள் முதன்முறை நுழைபவர்களுக்கு

சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் மார்கழித் திருவிழாவின் ஒன்பதாம் நாள் தேரோட்டத்தில் வடம் பிடித்திருக்கிறீர்களா? நூற்றுக்கணக்கானோர் இழுப்பார்கள், தேர் அசையாது. இன்னும் சிலர் வந்து சேர்வார்கள், அப்போதும் அசையாது. பின்னாலிருந்து நெம்புதடி போடுவார்கள். ஒரு கணத்தில் சக்கரம் புரளும். அதன்பின் அதே ஆட்களின் இழுப்பில் தேர் தடதடவென்று ஓடும். ஓர் அளவு வரை எதுவுமே நடக்காது, அதைத் தாண்டினால் ஓட்டம். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு, மனிதத் தலைமுடியைவிட மெல்லிய ஒரு படிக இழைக்குள் போகலாம்.

நாகர்கோவில் பக்கம் முதுகலை இயற்பியல் படிக்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் திட்டப்பணிக்குத் தலைப்பு கேட்டு வருகிறார்கள். அவர்களில் சிலருக்கு நழுவும் மின்னூட்ட அடர்த்தி அலை என்ற தலைப்பைக் கொடுத்திருக்கிறேன்: படிகத்துக்குள் எலெக்ட்ரான் அடர்த்தி அலைபோல ஏறி இறங்கி நிற்கும், போதுமான அளவு இழுத்தால் அந்த அலை நகரும். எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்து எழுதியது இது. பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் விழுகிறார்கள்: அலையை ஒரே பொருளாக, ஒரு தேராக நினைத்துக்கொள்கிறார்கள். அது தேர் அல்ல, வலை. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் துறையின் பாதிக் கதவுகள் தானாகத் திறக்கும்.

தொடங்கும் முன்

இளநிலைத் திடநிலை இயற்பியல் போதும். ஃபெர்மி ஆற்றல், ஆற்றல் இடைவெளி, அணிக்கோவை (கணிதத்தில் வருவது அல்ல, படிகத்தில் அணுக்களின் சீரான அடுக்கு) என்ற மூன்று சொற்களுக்கும் பொருள் தெரிந்திருக்க வேண்டும். ஒரு சாதாரண மடிக்கணினி, அதில் பைத்தான், ஒரு நோட்டு. பைத்தான் தெரியாவிட்டால் ஒரு வாரம் ஒதுக்கி, சுழற்சிக் கட்டளையும் வரைபடம் வரைவதும் மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் இங்கே தேவைப்படாது.

படி 1: அலை எப்படிப் பிறக்கிறது

ஒற்றைப் பரிமாணத்தில் வரிசையாக நிற்கும் அணுக்களை எண்ணிக்கொள்ளுங்கள். அவற்றின் வழியே எலெக்ட்ரான்கள் தாராளமாக ஓடுகின்றன. அது ஓர் உலோகம். அணுக்கள் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தில் சற்றே நெருங்கியும் விலகியும் நின்றால், ஃபெர்மி மட்டத்தில் ஓர் ஆற்றல் இடைவெளி திறக்கும். நிரம்பிய நிலைகளின் ஆற்றல் அதனால் கீழே இறங்கும். அணிக்கோவையை வளைக்க ஆகும் செலவைவிட எலெக்ட்ரான்களுக்குக் கிடைக்கும் இந்த லாபம் பெரிது. ஆகவே போதுமான குளிரில் சங்கிலி தானாகவே வளைந்துகொள்ளும். ருடால்ஃப் பையர்ல்ஸ் 1955-இல் இதை எடுத்துச் சொன்னார். வளைந்த அணிக்கோவையோடு எலெக்ட்ரான் அடர்த்தியும் ஏறி இறங்கி நிற்கிறது. அதுவே மின்னூட்ட அடர்த்தி அலை.

நையோபியம் டிரைசெலினைடு இந்தத் துறையின் செல்லப்பிள்ளை. அது 145 கெல்வினில் ஒரு முறையும் 59 கெல்வினில் இன்னொரு முறையும் இப்படி மாறுகிறது. முதல் அலையின் நீளம் ஏறத்தாழ 1.4 நானோமீட்டர். சங்கிலியின் அடிப்படை இடைவெளியோடு ஒப்பிட்டால் சுமார் 4.15 மடங்கு, நான்கும் இல்லை, ஐந்தும் இல்லை. இந்தப் பொருந்தாமையின் மேல் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அலைநீளம் முழு எண் மடங்காக இருந்தால், அலை அணுக்களோடு பூட்டிக்கொள்ள ஒரு வசதியான இடம் இருக்கும். பொருந்தாதபோது அலையை எவ்வளவு தள்ளி வைத்தாலும் ஆற்றல் மாறாது. தள்ளினால் போகும்; எலெக்ட்ரான்களையும் சுமந்துகொண்டே போகும்.

ஹெர்பர்ட் ஃப்ரோலிஷ் 1954-இல் இதிலிருந்து ஒரு துணிச்சலான முடிவுக்கு வந்தார்: இந்த அலை தடையே இல்லாமல் நழுவலாம், அதுவே மீக்கடத்தலுக்குக் காரணமாக இருக்கலாம். அது அப்படி நடக்கவில்லை. உண்மையான எந்தப் படிகத்திலும் மாசு அணுக்கள் உண்டு. அவை அலையைப் பிடித்து வைக்கின்றன. நாம் படிக்கப்போவது இந்தப் பிடியையும், பிடி விடும் கணத்தையும், விட்ட பிறகான ஓட்டத்தையும்தான்.

படி 2: முதலில் தேரைக் கட்டுங்கள்

தேர் தவறான படம் என்று சொல்லிவிட்டு அதையே முதலில் கட்டச் சொல்கிறேன். இந்தப் படியைத் தாவிச் சென்றவர்கள் எல்லோரும் பிறகு திரும்பி வந்தார்கள்.

அலை முழுவதையும் ஒரே எண்ணால் குறியுங்கள். அதன் பெயர் கட்டம்: அலை எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைச் சொல்லும் கோணம். மாசுகள் அதற்கு மேடு பள்ளமான ஒரு பாதையைப் போட்டிருக்கின்றன, ஓட்டுக்கூரையின் வரிசைபோல. மின்புலம் அந்தப் பாதையைச் சாய்க்கிறது. சாய்வு குறைவென்றால் கட்டம் ஒரு பள்ளத்தில் கிடக்கும். சாய்வு கூடினால் பள்ளமே மறைந்து உருளத் தொடங்கும். உராய்வு மிகுதி, ஆகவே நிலைமத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். கட்டம் மாறும் வேகம் விசைக்குச் சமம் என்று எழுதினால் போதும். 1981-இல் குரூனர், சவடோவ்ஸ்கி, சைக்கின் ஆகிய மூவர் முன்வைத்த மாதிரி இது.

நோட்டில் இதைத் தீர்த்துப் பாருங்கள். பிடிவலிமையை 1 என்று வைத்துக்கொண்டால், சராசரி வேகம் என்பது விசையின் இருபடியிலிருந்து 1-ஐக் கழித்துக் கிடைப்பதன் இருபடி மூலம். விசை 1.25 என்றால் வேகம் 0.75. மூன்று, நான்கு, ஐந்து முக்கோணம் இங்கே ஒளிந்திருப்பதால் இந்த எண்ணை மறக்க முடியாது. பிறகு நிரல் எழுதும்போது முதல் சோதனையாக இதையே கேளுங்கள். 0.75 வரவில்லை என்றால் மேலே போகாதீர்கள்.

இந்த மாதிரி எங்கே உடைகிறது? இருபடி மூலம் தொடக்கத்தில் செங்குத்தாக எழும். பிடி விட்டவுடன் மின்னோட்டம் சட்டென்று பாய வேண்டும் என்று அது சொல்கிறது. படிகங்களில் அளந்தவர்கள் அப்படிப் பார்க்கவில்லை. மின்னோட்டம் தயங்கித் தயங்கி எழுகிறது. அந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விதான் அடுத்த படி.

படி 3: கரமடி வலைக்கு வாருங்கள்

மணக்குடிக் கரையில் ஒரு காலையில் கரைமடி இழுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நம் ஊரில் கரமடி என்பார்கள். வலையின் ஒரு கயிற்றைக் கரையில் விட்டுவிட்டு, வள்ளம் கடலில் அரைவட்டம் போட்டு வலையை இறக்கிவிட்டு, மறு கயிற்றோடு கரை சேரும். பிறகு இரண்டு வரிசையாக நின்று இழுப்பார்கள். அன்று ஒரு பக்கக் கயிறு விறைத்துப்போய் நின்றது. ஆனால் வலை முழுவதும் நிற்கவில்லை. அடியில் ஏதோ ஒரு பாரில் ஓர் ஓரம் மாட்டியிருக்கிறது, மற்ற பகுதி வந்துகொண்டுதான் இருக்கிறது என்று கயிறு பிடித்திருந்த பெரியவர் ஒருவர் சொன்னார். கைக்கு வரும் இழுவையை வைத்தே அவருக்கு அது தெரிந்தது. சற்று நேரத்தில் மாட்டிய இடம் விட்டது. அந்தத் தளர்ச்சி பக்கத்திலிருந்த பகுதிகளுக்குப் பரவி, வலை ஒரு குலுக்கலோடு முன்னேறியது.

மின்னூட்ட அடர்த்தி அலையும் இப்படித்தான். மாசுகள் படிகம் எங்கும் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொரு மாசும் தன் இடத்தில் அலையின் கட்டம் இவ்வளவாக இருக்க வேண்டும் என்று கேட்கிறது; பக்கத்து மாசு வேறொன்று கேட்கிறது. இரண்டுக்கும் இணங்க அலை இழுபட்டும் நெருங்கியும் வளைய வேண்டும், வளைய ஆற்றல் செலவாகும். 1978-இல் ஃபுகுயாமாவும் பேட்ரிக் லீயும், 1979-இல் லீயும் மாரிஸ் ரைசும் இந்தப் படத்தைக் கணக்காக மாற்றினார்கள்.

அந்தக் கணக்கின் சாரம் நான்கு வரிதான். அதை நீங்களே போட்டுப் பார்க்க வேண்டும். அலையில் ஒரு குறிப்பிட்ட நீளமுள்ள ஒரு துண்டை எடுங்கள். அதற்குள் கட்டம் ஏறத்தாழ ஒரே சீராக இருக்கிறது, அடுத்த துண்டில் வேறாக இருக்கிறது என்று வையுங்கள். வளைவதற்கான செலவு, ஓர் அலகுப் பருமனுக்கு, துண்டின் நீளத்தின் இருபடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். மாசுகளிடமிருந்து கிடைக்கும் லாபமும் குறையும்; ஆனால் எப்படி? துண்டுக்குள் உள்ள மாசுகள் ஒன்றையொன்று பெரும்பாலும் அடித்துக்கொள்ளும். மிஞ்சுவது மாசுகளின் எண்ணிக்கையின் இருபடி மூலம் மட்டுமே. ஆகவே முப்பரிமாணத்தில் அலகுப் பருமனுக்கான லாபம், நீளத்தின் ஒன்றரை அடுக்குக்கு எதிர்விகிதம். துண்டு பெரிதாகும்போது செலவு இருபடியாகச் சரிகிறது, லாபம் ஒன்றரை அடுக்கில் மட்டுமே சரிகிறது. ஏதோ ஒரு நீளத்தில் லாபம் முந்திக்கொள்ளும். எவ்வளவு மெலிந்த மாசாக இருந்தாலும், போதுமான அளவு பெரிய படிகத்தில் அலை துண்டுதுண்டாக மாசுகளுக்கு இணங்கித்தான் தீரும். லாபத்தின் அடுக்கு பரிமாணத்தில் பாதி. அது இரண்டுக்குக் கீழே இருக்கும்வரை, அதாவது நான்கு பரிமாணத்துக்குக் கீழே, இதே தீர்ப்புதான். நான்கு என்ற எண் இந்தத் துறையில் திரும்பத் திரும்ப வருவதற்கு வேர் இங்கே இருக்கிறது.

அந்தத் துண்டின் நீளம், தூய்மையான படிகத்தில் சங்கிலியின் திசையில், மைக்ரோமீட்டர் அளவுக்குப் போகும். ஆயிரக்கணக்கான அலைநீளங்கள் சேர்ந்த ஒரு துண்டு. ஒவ்வொரு துண்டின் பிடியும் பலவீனமானது என்பதால், பிடியை விடுவிக்கத் தேவையான மின்புலமும் வியக்கத்தக்க அளவு சிறியது. நல்ல படிகங்களில் சென்டிமீட்டருக்குச் சில பத்து மில்லிவோல்ட், அதற்கும் கீழே. டார்ச் விளக்கின் பாட்டரி ஒன்று இதற்குப் பல மடங்கு அதிகம்.

1983 தொடங்கி டேனியல் ஃபிஷர், பிடி விடும் கணத்தைக் காந்தம் காந்தத்தன்மை இழப்பது போன்ற ஒரு நிலைமாற்றமாகப் பார்க்கலாம் என்று காட்டினார். வெப்பநிலைக்குப் பதில் இங்கே இழுவிசை. பிடி விடத் தேவையான குறைந்தபட்ச விசைக்குப் பயன்தொடக்க விசை என்று பெயர். வேகம், அதற்கு மேலான மிகையின் ஓர் அடுக்காக எழுகிறது. தேர் மாதிரியில் அந்த அடுக்கு 1/2. ஒவ்வொரு துண்டும் மற்ற எல்லாத் துண்டுகளின் சராசரியோடு மட்டும் கட்டப்பட்டிருந்தால் 3/2. ஓனுத்தம் நாராயணும் ஃபிஷரும் 1992-இல் நான்கு பரிமாணத்திலிருந்து கீழிறங்கும் கணக்கைப் போட்டு, முப்பரிமாணத்தில் முதல் தோராயமாக 5/6 என்று பெற்றார்கள். அரையிலிருந்து அது வெகுதொலைவு, நேர்கோட்டுக்குப் பக்கம். துண்டுகள் ஒன்றுக்கொன்று காத்திருப்பதால்தான் தயக்கம். கரையில் கயிறு விறைத்து நின்றதும் அதே காத்திருப்புதான்.

படி 4: மேசைமேல் பத்துத் தீப்பெட்டிகள்

நிரல் எழுதும் முன் ஒரு மாலை நேரத்தை இதற்குக் கொடுங்கள். பத்துத் தீப்பெட்டிகளில் வெவ்வேறு அளவு அரிசி போட்டு, ரப்பர் வளையங்களால் வரிசையாக இணையுங்கள். ரப்பருக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை. ஒரு சணல் சாக்கின் மேல் வைத்து, ஒரு முனையை மெதுவாக, சீராக இழுங்கள். கைப்பேசியில் படம் எடுத்து, நிதானமாக ஓட்டிப் பாருங்கள். முன்பெட்டி நகரும், அடுத்தது நகராது, வளையம் நீளும், இரண்டு மூன்று பெட்டிகள் சேர்ந்து துள்ளும். சில துள்ளல் சிறியவை, அரிதாகச் சில முழு வரிசையையும் கொண்டுபோகும்.

கடற்கரை மணலை நிரப்ப வேண்டாம். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் மோனசைட் இருக்கிறது, அதில் தோரியம் இருக்கிறது. அதை அள்ளி வீட்டுக்குக் கொண்டுவருவது முறையல்ல. அரிசியே போதும்.

ஒரு குறையையும் குறித்துக்கொள்ளுங்கள். சாக்கின் உராய்வு வேறு, மாசின் பிடி வேறு. அலை ஓர் அலைநீளம் நகர்ந்துவிட்டால், மாசின் கண்ணுக்குப் பழைய நிலையே திரும்பி வருகிறது. தீப்பெட்டிக்கு அந்தத் திரும்புதல் இல்லை, வலைக்கும் இல்லை. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் படி 6 முழுவதும் பிறக்கிறது.

படி 5: கணினியில் வலை நெய்யுங்கள்

வட்டமாக இணைந்த கட்டங்களின் வரிசை ஒன்றை எடுங்கள். ஒவ்வொரு கட்டமும் மாறும் வேகம் மூன்று உறுப்புகளின் கூட்டல். முதலாவது புற விசை, எல்லோருக்கும் ஒன்று. இரண்டாவது மீள்விசை: இரு பக்கத்துக் கட்டங்களின் கூட்டலிலிருந்து தன் கட்டத்தின் இரு மடங்கைக் கழித்து, விறைப்பு எண்ணால் பெருக்குங்கள். மூன்றாவது மாசின் பிடி: அந்த இடத்துக்கு உரிய தற்செயல் கோணத்திலிருந்து தன் கட்டத்தைக் கழித்து, சைன் எடுத்து, பிடிவலிமையால் பெருக்குங்கள். தற்செயல் கோணங்களை 0 முதல் 360 பாகை வரை ஒரே சீராகத் தேர்ந்து, தொடக்கத்தில் ஒரே ஒருமுறை முடிவு செய்துவிட்டு, பிறகு தொடாதீர்கள். மாசுகள் நகர்வதில்லை. ஒவ்வொரு நேர அடியிலும் கோணத்தைப் புதிதாக எடுத்துவிடுவது புதியவர்கள் மிக அதிகமாகச் செய்யும் பிழை. அப்போது நீங்கள் ஒழுங்கின்மையைப் படிக்கவில்லை, வெப்பத்தைப் படிக்கிறீர்கள்.

இப்போது மூன்று சோதனைகள், இதே வரிசையில்.

விறைப்பு பூச்சியம், பிடிவலிமை 1. கட்டங்கள் தனித்தனியே, ஒவ்வொன்றும் ஒரு தேர். விசை 1.25-இல் சராசரி வேகம் 0.75 வர வேண்டும்.

அடுத்து 16 கட்டங்கள் மட்டும், விறைப்பு 50. இப்போது வரிசை இரும்புக்கம்பிபோல. எல்லாம் சேர்ந்தே நகரும். உங்கள் 16 கோணங்களின் சைன்களைக் கூட்டுங்கள், கொசைன்களைக் கூட்டுங்கள், இரண்டின் இருபடிகளைச் சேர்த்து மூலம் எடுத்து 16-ஆல் வகுங்கள். பயன்தொடக்க விசை அந்த எண்ணுக்கு மிக நெருக்கமாக வர வேண்டும். பல தற்செயல் தொகுதிகளுக்கு எடுத்துப் பார்த்தால் அது கால் பங்கைச் சுற்றி இருக்கும், ஏனென்றால் 16-இன் மூலம் 4. மாசுகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதாக மேலே சொன்னதை இங்கே கண்ணால் காண்கிறீர்கள். இந்தச் சோதனைக்கு நேர அடியைச் சுருக்க மறக்காதீர்கள். விறைப்பு ஏறினால் நேர அடி, அரையை விறைப்பால் வகுத்த அளவுக்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும். 50-க்கு 0.005 நல்லது. இல்லையென்றால் எண்கள் வெடித்துப் பறக்கும்.

மூன்றாவதுதான் உண்மையான வேலை. 256 கட்டங்கள், விறைப்பு 1, பிடிவலிமை 1, நேர அடி 0.05. விசையைப் பூச்சியத்திலிருந்து 0.02 வீதம் ஏற்றுங்கள். ஒவ்வொரு விசையிலும் முதல் பாதி நேரத்தை விட்டுவிட்டு, மறு பாதியில் மட்டும் சராசரி எடுங்கள். பயன்தொடக்கத்துக்கு முன்னால், விசையின் ஒவ்வொரு சிறு ஏற்றத்துக்கும் எத்தனை கட்டங்கள் இடம் மாறின என்று எண்ணிப் பட்டியலிடுங்கள். தொடக்கத்தில் ஒன்றிரண்டு. போகப் போக ஐந்து, பத்து. பயன்தொடக்கத்தை நெருங்கும்போது வரிசையின் பெரும்பகுதி சேர்ந்து சரியும். தீப்பெட்டிகளில் பார்த்த துள்ளல்கள் இவை.

இங்கே பொறுமை தேவை. பயன்தொடக்கத்துக்கு அருகே எல்லாமே மந்தமாகும். நின்றுவிட்டது என்று நீங்கள் முடிவுகட்டும் வரிசை, இன்னும் பத்து மடங்கு நேரம் ஓடவிட்டால் நகர்ந்திருக்கும். அடுக்கைக் கணக்கிட மடக்கைத் தாளில் புள்ளிகளை இடும்போது, பயன்தொடக்க விசையை மூன்று சற்றே வேறுபட்ட மதிப்புகளாக எடுத்து மூன்று கோடுகளும் வரையுங்கள். மூன்றும் நேர்கோடுபோலவே தெரியும், மூன்று வேறு அடுக்குகளைத் தரும். ஒரே கோட்டை மட்டும் வரைந்து ஓர் அடுக்கை அறிவிக்கும் அறிக்கையை நான் ஏற்பதில்லை.

இன்னொரு சோதனை எனக்கு மிகப் பிடித்தது. ஒரே மாசுத் தொகுதியில் இரண்டு தொடக்க நிலைகளை எடுங்கள். ஒன்று எல்லா இடத்திலும் மற்றொன்றைவிடச் சற்று முன்னால் இருக்கட்டும். ஓடவிடுங்கள். பின்னால் இருப்பது எந்த இடத்திலும் முன்னால் இருப்பதைத் தாண்டாது. ஆலன் மிடில்டன் 1992-இல் இதை நிறுவினார். இதன் விளைவு பெரிது: ஒரே விசையில் இரண்டு வேறு சராசரி வேகங்கள் இருக்கவே முடியாது. எங்கிருந்து தொடங்கினாலும் நழுவும் நிலை ஒன்றுதான். கிழியாத வலைக்கு இது உறுதி.

படி 6: இரைச்சலைக் கேளுங்கள்

திருவனந்தபுரம், நாகர்கோவில், கன்னியாகுமரி ரயில்பாதை 1979-இல் திறக்கப்பட்டது. அந்நாளைய தண்டவாள இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும் சத்தத்தை எண்ணியே வண்டியின் வேகத்தைச் சொல்லிவிடலாம். இணைப்புகளுக்கிடையே உள்ள நீளம் தெரிந்தால் போதும். அதே 1979-இல் ஃபிளெமிங்கும் கிரைம்ஸும் நையோபியம் டிரைசெலினைடில் இரண்டு செய்திகளைச் சேர்த்துக் கண்டார்கள். பயன்தொடக்க மின்புலம் ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டியபின் மின்னழுத்தத்தில் ஓர் இரைச்சல் எழுகிறது. அந்த இரைச்சலில் ஒரு கூர்மையான அதிர்வெண் இருக்கிறது. அலை சுமக்கும் மின்னோட்டம் கூடக்கூட அதுவும் நேர்விகிதத்தில் கூடுகிறது. அலை ஓர் அலைநீளம் நகரும்போது ஒரு தட்டு. தண்டவாள இணைப்பைப் போல.

கணக்கும் எளிது. ஓர் அலைநீளம் நகர்ந்தால் ஒவ்வொரு சங்கிலியிலும் இரண்டு எலெக்ட்ரான்கள் கடக்கின்றன. ஒரு கோடிச் சங்கிலிகள் உள்ள இழையில் அதிர்வெண் ஒரு மெகாஹெர்ட்ஸ் என்றால், அலையின் மின்னோட்டம் சுமார் 3.2 மைக்ரோஆம்பியர். அலை நகரும் வேகம் விநாடிக்கு 1.4 மில்லிமீட்டர். படிகத்துக்குள் நடக்கும் ஒரு நகர்வை வெளியே இருந்தபடி தட்டுகளாக எண்ணிவிட முடிகிறது என்பதை முதன்முதலில் படித்த நாளில் எனக்கு அன்று வேறு வேலை ஓடவில்லை.

உங்கள் நிரலில் இதைப் பாருங்கள். பயன்தொடக்கத்துக்கு மேலே, சராசரி வேகத்தின் நேர வரிசையை ஃபூரியர் பகுப்பாய்வு செய்யுங்கள். உச்சி எங்கே வருகிறது? சராசரி வேகத்தை 6.28-ஆல் வகுத்த இடத்தில் வர வேண்டும். பிறகு 64, 256, 1024 கட்டங்களுக்குத் திரும்பச் செய்யுங்கள். வரிசை பெரிதாகப் பெரிதாக உச்சி தணிகிறது. துண்டுகள் வெவ்வேறு கணத்தில் தட்டுவதால் ஓசை ஒன்றையொன்று விழுங்குகிறது.

விசையோடு ஒரு மாறுதிசை விசையையும் சேர்த்தால் இன்னொன்று கிடைக்கும். அலையின் சொந்தத் தட்டு வெளி அதிர்வோடு பூட்டிக்கொள்ளும். விசையைச் சிறிது ஏற்றினாலும் வேகம் மாறாமல் படிக்கட்டுபோல நிற்கும். மீக்கடத்திச் சந்திகளில் ஷாப்பிரோ படிகள் எனப்படுபவற்றின் உறவுக்காரர்கள் இவை.

துடிப்பு நினைவு என்ற ஒரு வினோதத்தையும் விட்டுவிடாதீர்கள். ஃபிளெமிங்கும் ஷ்னீமையரும் 1986-இல் நீல வெண்கலம் எனப்படும் பொட்டாசியம் மாலிப்டினம் ஆக்சைடில் கண்டது. ஒரே நீளமுள்ள மின்துடிப்புகளைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால், படிகம் அந்த நீளத்தைக் கற்றுக்கொள்கிறது. துடிப்பு முடியும் கணத்தில் அலைவு எப்போதும் ஒரே கட்டத்தில் வந்து நிற்கிறது. துடிப்பின் நீளத்தை மாற்றினால் புதிய நீளத்துக்குத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. 1987-இல் டாங், வீசன்ஃபெல்ட், பாக், காப்பர்ஸ்மித், லிட்டில்வுட் ஆகியோர், படி 5-இல் நீங்கள் எழுதிய நிரலுக்கு மிக நெருங்கிய ஒன்றைக் கொண்டே இதை விளக்கினார்கள். விறைப்பைக் குறைத்து வைத்து, விசையைப் போட்டும் எடுத்தும் சில நூறு துடிப்புகள் கொடுத்துப் பாருங்கள். துடிப்பு நின்றதும் கட்டங்கள் எந்தப் பக்கம் சரிகின்றன என்று கவனியுங்கள்: பலவும் மேட்டின் உச்சியில், விழலாமா வேண்டாமா என்ற இடத்தில் வந்து நிற்கும்.

படி 7: உண்மைப் படிகத்தைத் தொடும்போது

எல்லோருக்கும் இந்த வாய்ப்பு வராது. வந்தால், திரவ நைட்ரஜன் கிடைக்கும் ஆய்வகமே தொடக்கத்துக்குப் போதும். கால்நடைத் துறையினர் உறைவிந்து பாதுகாக்கப் பயன்படுத்தும் அதே திரவம்தான். அதன் கொதிநிலை 77 கெல்வின்; நையோபியம் டிரைசெலினைடின் முதல் மாற்றம் 145 கெல்வின், நீல வெண்கலத்தினது 180 கெல்வின். இரண்டும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

நான்கு முனை அளவீடு செய்யுங்கள். இழையைக் கையால் வளைக்காதீர்கள். மிக முக்கியமாக, வெப்பத்தை நம்பாதீர்கள். மின்னோட்டம் ஏறும்போது இழை சூடாகும், மின்தடை மாறும், அந்த மாற்றம் பிடி விட்டதுபோலவே தோற்றம் காட்டும். குறுகிய துடிப்புகளால் அளந்து, துடிப்பின் நீளத்தைப் பாதியாக்கியும் அதே வளைவு வருகிறதா என்று சரிபார்க்க வேண்டும். 1976-இல் மான்சோ, ஓங், போர்ட்டிஸ், மீர்ஷோ, ரூக்செல் ஆகியோர் இந்தப் பொருளில் ஓமின் விதி மிகச் சிறிய மின்புலத்திலேயே மீறப்படுவதை வெளியிட்டபோது, எவருக்கும் முதலில் எழும் ஐயமும் இதுவாகத்தான் இருந்திருக்கும்.

பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நையோபியம் டிரைசெலினைடு மாற்றத்துக்குப் பிறகும் உலோகமாகவே இருக்கிறது. அலையில் சேராத எலெக்ட்ரான்கள் மிச்சம் உண்டு. அவை அலையின் இழுபறியைத் திரையிட்டு மறைக்கும். நீல வெண்கலம் குறைகடத்தியாகிவிடுகிறது. குளிர்விக்கக் குளிர்விக்கத் திரையிட ஆளில்லாமல் போகும், அலை விறைத்துவிடும். ஒன்றில் பார்த்ததை மற்றொன்றுக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

படி 8: வலை கிழியும் இடம்

இதுவரை வலை நீளலாம், கிழியாது என்று வைத்துக்கொண்டோம். பாரில் மாட்டிய கரமடியை அளவு மீறி இழுத்தால் என்ன ஆகும் என்று கரையில் எந்தப் பிள்ளையும் சொல்லும். அலையிலும் அப்படி ஒன்று உண்டு. ஓரிடத்தில் இழுவை மிகுந்தால் அலையின் வீச்சு அங்கே ஒரு கணம் பூச்சியமாகி, கட்டம் ஒரு முழுச் சுற்று தாவிவிடும். கட்ட வழுக்கல் என்று சொல்லலாம். சூசன் காப்பர்ஸ்மித் 1990-இல் ஒரு சங்கடமான உண்மையைக் காட்டினார்: மாசுகள் தற்செயலாகச் சிதறியிருந்தால், போதுமான அளவு பெரிய படிகத்தில் எங்கேனும் ஓரிடத்தில் மாசுகள் மிகக் கெட்டியாகக் கூடியிருக்கும், அங்கே வழுக்கல் நடந்தே தீரும். மின்முனைகளிலும் இது தவிர்க்க முடியாதது. அலையாக வந்த மின்னோட்டம் அங்கே சாதாரண எலெக்ட்ரான்களாக மாறி வெளியேற வேண்டும்.

மிடில்டனின் உறுதிமொழி இங்கே செல்லாது. சில படிகங்களில் மின்புலத்தை ஏற்றும்போது ஓர் அளவில் பிடி விடுகிறது, இறக்கும்போது அதைவிடக் குறைந்த அளவில்தான் மீண்டும் பிடிக்கிறது. வேகமும் படிப்படியாக எழாமல் சட்டென்று தாவுகிறது. 1988-இல் ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் உள்ளிட்ட நால்வர் இதற்கு எளிய மாதிரி ஒன்றை முன்வைத்தார்கள்.

நிரலில் இரண்டு வரிகளை மாற்றினால் போதும். பக்கத்துக் கட்டங்களோடு மட்டும் இணைப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் மற்ற எல்லாவற்றோடும் இணையுங்கள். மீள்விசையாகக் கட்ட வேறுபாட்டையே வைக்காமல், அதன் சைனின் சராசரியை வையுங்கள். அப்போது முழுச் சுற்று வேறுபாடு விசை எதையும் தராது, வழுக்கல் நடக்கலாம். தொடக்கத்தில் ஒவ்வொரு கட்டத்தையும் தன் மாசின் கோணத்திலேயே வைத்துவிட்டு, விறைப்பை 0.5-இலிருந்து மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு, ஒவ்வொரு விறைப்புக்கும் விசையை ஏற்றி, பிறகு அதே நிலையிலிருந்து, எதையும் அழிக்காமல், இறக்குங்கள். ஏறும் வளைவைச் சிவப்பிலும் இறங்கும் வளைவை நீலத்திலும் வரையுங்கள். இரண்டும் எந்த விறைப்பில் முதன்முதலாகப் பிரிகின்றன என்பதை நோட்டில் தேதியிட்டுக் குறித்து வைத்துக்கொண்டு, திட்டப்பணிக்கு வழிகாட்டியைப் பார்க்கப் போகும்போது அந்த வரைபடத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.